திரும்பி நின்றவர்கள்

ஆனித் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில், திருநெல்வேலி டவுனில் எங்கள் தவிட்டுச்சந்தைத் தெரு வாசகசாலைச் சுவரில் மாட்டியிருந்த படங்களில் இருந்த மனிதர்கள் அநேகமாக அத்தனை பேரும் ராத்திரியோடு ராத்திரியாக முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிட்டார்கள் என்ற விஷயம், பால் வாங்கப் போனவர்கள் மூலமாகத் தெருவுக்கு வந்து, அந்தப் பால் காய்வதற்குள் பழைய செய்தியாகிவிட்டது. எங்கள் தெரு அப்படித்தான். எதற்கும் வாயைப் பிளக்காது. பிளந்தால் பக்கத்து வீட்டுக்காரன் அதையும் ஒரு வாரத்துக்கு வைத்துப் பேசுவான் என்ற பயம்.

படங்களை எடுத்தவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவுக்குக் குடிவந்த குற்றாலிங்கம். கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தர் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராக, தெருத் தெருவாக அலைவான், அலைந்து, யாரோ கொட்டாவி விடும்போதோ, பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு அதன் பின்பக்கத்தைத் திட்டும்போதோ, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பித் தனக்குத்தானே சிரித்துக்கொள்ளும்போதோ, வேறெங்கோ பார்க்கிறவனைப்போல நின்று, சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தால் என்ன என்றால், "கேட்டா மூஞ்சி போயிரும் வே" என்பான். அதில் பொய்யில்லை. எங்கள் ஆட்களிடம் படம் எடுக்கட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த நிமிஷமே சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வைத்து, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல நின்றுவிடுவார்கள், அதுவரை அந்த முகத்தில் குடியிருந்த மனிதர் எங்கே போனார் என்றே தெரியாது. ஆனால் இந்தப் பதிலுக்கு அடியில் இன்னொரு காரணம் இருந்தது, அதை அவன் சொல்லமாட்டான், தெருவில் எல்லோருக்கும் தெரியும்: அவனுக்குக் கேட்கவே வராது. ஓட்டலில் இரண்டாம் தடவை சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டுப் பாதி இட்லியை வெறும் இட்லியாகத் தின்றுவிட்டு வருகிறவன் அவன்.

அவன் எடுத்ததில் நல்லதாகப் பொறுக்கி வாசகசாலைச் செயலாளர் பிரமநாயகம் திருவிழாவுக்காக மாட்டச் செய்தார். தேர் பார்க்க வந்த கூட்டம் இதையும் பார்த்தது. பார்த்து, ஆட்டோ ஓட்டுகிற பேச்சிமுத்துவின் கொட்டாவிக்குள் ஒரு ஆட்டோவே போகும் என்றது, அடகுக்கடைக்காரர் மூக்கைக் குடைவதைப் பார்த்து என்ன தேடுகிறார் என்று கேட்டது, சிரித்தது, பஜ்ஜி தின்றது, போனது. அதற்கப்புறம்தான் எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். திரும்பாமல் நின்றவை ஒரு கறுப்பு நாயும், இரண்டு மாடுகளும், எங்கள் வார்டு கவுன்சிலரும். நாய்க்கும் மாட்டுக்கும் இதில் மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை. கவுன்சிலர் கேமராவைக் கண்டதும் தானே வந்து நின்று எடுக்கச் சொன்னவர்.

முதலில் பிரிண்ட் போட்ட கடைக்காரனைத் திட்டினார்கள். அவன் வந்து பார்த்து, "மூஞ்சிய நான் எடுத்து வச்சிக்கிட்டு என்ன செய்யப்போறேன்?" என்று நியாயமாகக் கேட்டுவிட்டுப் போனான். அதன்பிறகு அவரவர் முதுகைத் தேடி வர ஆரம்பித்தார்கள். பிறந்தது முதல் கூடவே இருந்தும் பார்த்திராத ஒன்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இருக்கிற அடக்கம் எல்லோரிடமும் இருந்தது. பேச்சிமுத்து தன் முதுகு முன் வெகுநேரம் நின்று, தனக்கு இவ்வளவு வழுக்கை விழுந்திருப்பதை ஒருத்தனும் ஏன் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டான். பெண்கள் தங்கள் ரவிக்கையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு நேராக டெய்லர் ஞானப்பிரகாசத்திடம் போனார்கள். முன்பக்கம் மட்டும் பார்த்துத் தைத்து இத்தனை காலம் பெயர் வாங்கியவர், அந்த மாசம் முழுக்கப் பின்பக்கத்தைப் பிரித்துத் தைத்தே ஓய்ந்துபோனார். பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களைப் புறமுதுகு காட்டிய தெரு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதையும் நாங்கள் பழகிக்கொண்டோம். முதுகு பழகிய பிறகு ஒருவரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுவதுதான் கொஞ்சம் சிரமமாக இருந்தது, முதுகு கேட்டுக்கொண்டு இருப்பதுபோலத் தோன்றியது.

குற்றாலிங்கம்தான் இளைத்துப்போனான். கடைசியில் ஒரு நாள், ஆட்டோ ஸ்டாண்டில் போய்ப் பேச்சிமுத்துவிடம், "அண்ணே, உங்களக் கேக்காம எடுத்துட்டேன். படத்த வச்சிக்கிடட்டுமா?" என்று கேட்டான். கேட்டதே காதில் விழவில்லை. இரண்டாம் தடவையும் கேட்க வேண்டியதாயிற்று. "அதுக்கென்ன, வச்சிக்கோ" என்று பேச்சிமுத்து சொன்ன அதே நேரத்தில் வாசகசாலையில் அவனுடைய படம் திரும்பியது. கொட்டாவி மட்டும் திரும்பவில்லை. பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தலையைப் படிய வாரி, ரேஷன் கார்டுக்கு நின்றான். இப்படியே ஒவ்வொருவராக. மனசில்லாமல் சரி என்ற அடகுக்கடைக்காரர் பாதி முகத்தை மட்டும் திருப்பினார். முடியாது என்றவர்கள் முதுகாகவே இருந்தார்கள். கேட்டால் விறைப்பு, கேட்காவிட்டால் முதுகு, இதற்கு நடுவில் கலையை எங்கே வைக்க என்று குற்றாலிங்கம் புலம்பினான். மாட்டின் மேல் வை என்றார் ஞானப்பிரகாசம், ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே.

அப்போதுதான் ஆவுடையம்மாள் வாசகசாலைக்கு வந்தாள்.

ஆவுடையம்மாள் தெருக்கோடியில் இட்லி மாவுக் கடை வைத்திருப்பவள். தெருவில் பாதி வீட்டு இட்லி அவள் கிரைண்டரில் ஆட்டிய மாவுதான். அவளுடைய புருஷன் மாசிலாமணி மூன்று வருஷத்துக்கு முன்னால், அவள் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் வீடு முழுக்கக் கிளிப்பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்தார். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருப்பார், பாவம். அவள் திரும்பி வந்து வாசலில் பெட்டியோடு நின்று, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா?" என்றாள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனவர்தான். எந்த ஊரில் அந்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது. வீடு மட்டும் அதே கிளிப்பச்சையில், தெருவில் நுழைகிற யாருக்கும் முதலில் தெரிகிற மாதிரி நின்றது.

அவள் தன் முதுகைத் தேடித்தான் வந்தாள். ஆனால் மூலையில், எடுக்கும்போதே முதுகாக நின்றதால் முகத்தை யாரும் கண்டிராத, தெருக்காரர் யாருடையதும் இல்லை என்று நாங்கள் யாரும் சட்டை செய்யாத ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். ஒரு டீக்கடை, அதன் முன்னால் ஒரு மனிதரின் முதுகு, வலது கையை மடக்கித் தோளுக்குப் பின்னால் விட்டு எதையோ சொறியப் பார்க்கிற முதுகு.

"அந்த எடம் அவுகளுக்கு எட்டாது," என்றாள் ஆவுடையம்மாள். "நாந்தான் சொறிஞ்சு விடுவேன்."

அவள் குற்றாலிங்கத்தைக் கூப்பிட்டுவிடச் சொன்னாள், அவன் வந்ததும், "தம்பி, இவுகளத் திருப்பித் தாங்க" என்றாள். படத்தைத் திருப்பச் சொல்கிறாளா, ஆளைத் திருப்பித் தரச் சொல்கிறாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. அவளுக்கும் அது இரண்டாகத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

"எந்த ஊர்ல எடுத்தீய?"

எடுத்த ஊர் குற்றாலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு மாசமாக மன்னிப்புக் கேட்டுக்கேட்டே அவனுக்குள் ஏதோ ஒன்று முளைத்திருந்தது. "அக்கா, கேக்காம எடுத்ததே தப்பு. இப்ப கேக்காம காட்டிக்குடுக்கவும் செய்யணுமா? அவர் வேணும்னுதானே போனாரு. நான் போய் அவர்ட்டயே கேட்டுட்டு வாரேன்" என்றான்.

தெரு இரண்டாகப் பிரிந்தது. பெண்டாட்டிக்குப் புருஷன் இருக்கிற ஊரைச் சொல்வதற்குக் கூட அனுமதியா என்றது ஒரு கட்சி. வீட்டை விட்டுப் போகிறவனுக்கும் ஒரு முதுகு உண்டு, அதைக் காட்ட அவனுக்கு உரிமை உண்டு என்றது இன்னொன்று. இதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதுவும் தங்கள் வீட்டுக்காரிகள் காதில் விழாத தூரத்தில். படத்தில் டீக்கடைப் பலகையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள், 'டீ' என்ற எழுத்து மட்டும் தெரிந்தது. கவுன்சிலர் தானே கேட்டுப் பார்க்கிறேன் என்று படத்தின் முன்னால் நின்று கணீரென்று வேண்டுகோள் விடுத்தார், முதுகு அசையவில்லை. ஆவுடையம்மாள் எதையும் விவாதிக்கவில்லை. குற்றாலிங்கம் வீட்டுக்கு மாவு தருவதை நிறுத்திவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவன் வீட்டில் உப்புமா, உப்புமாவோடு அவன் பெண்டாட்டியின் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவன் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அதே டீக்கடையில் போய் நின்றான். லாட்ஜ் ஒன்றில் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்த மாசிலாமணி, எதிர்பார்த்தபடியே டீக்கு வந்தார். குற்றாலிங்கம் ஒரு டீ குடித்தான், இன்னொரு டீ குடித்தான், வேண்டாத ஒரு வடையையும் தின்றான்.

"என்ன தம்பி, ரொம்ப நேரமா என் முதுகையே பாக்கீய?" என்று அவரே கேட்டார்.

"அண்ணாச்சி, உங்களக் கேக்காம ஒரு படம் எடுத்துட்டேன்."

"எடுத்தா எடுத்துட்டுப் போங்க."

"படத்துல திரும்பி நிக்கீய."

மாசிலாமணி அதற்கு ஆச்சரியப்படவில்லை. அவர் அப்படி நிற்கக்கூடிய ஆள்தான் என்று அவருக்கே தெரியும். "சரி, அதுக்கு?" என்றார்.

"முகத்தக் காட்டலாமான்னு கேக்க வந்தேன். பாக்கணும்னு ஒருத்தர் கேக்காங்க. தவிட்டுச்சந்தைத் தெருவுல, மாவுக் கடை அக்கா."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, ரோட்டில் போகிற பஸ்களையெல்லாம் பார்த்தார். "வீட்டுக்கு வேற பெயிண்ட் அடிச்சிட்டாளா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. அதே கிளிப்பச்சைதான்."

"அவளுக்கு அது புடிக்காதே."

"இப்பவும் புடிக்கல. ஆனா மாத்தல."

மாசிலாமணி மறுபடியும் பஸ்களைப் பார்த்தார். அப்புறம், "சரி, காட்டுங்க" என்றார்.

இங்கே வாசகசாலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பேச்சிமுத்து படம் திரும்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, தெருவில் இறங்கி ஓடினான். "ஆவுடையக்கா, அண்ணாச்சி திரும்பிட்டாரு" என்று அவன் சொன்னது அவனைப் பொறுத்தவரை முழு உண்மை. கேட்டவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அவன் என்ன செய்வான்? மாசிலாமணி திரும்பிட்டாராம், திரும்பிட்டாராம் என்று செய்தி வீடு வீடாகப் போனது. யாரோ கேசரி கிண்டினார்கள், யாரோ தேருக்கு வாங்கி மிஞ்சிய சரவெடியை வெளியே எடுத்தார்கள், பிரமநாயகம் ஒரு மாலைக்குச் சொல்லி அனுப்பினார். ஆவுடையம்மாள் மாவுக் கையைக் கழுவினாள், ஒரு தடவை கழுவியது போதாமல் மறுபடியும் கழுவினாள், நல்ல சேலை ஒன்றை உடுத்தினாள், தலையில் பூ வைத்தாள். வைத்துக்கொண்டு, தெருவே பின்னால் வர, வாசகசாலைக்கு வந்தாள்.

அங்கே படம்தான் இருந்தது. தலையைப் படிய வாரி, பொத்தானைக் கழுத்துவரை போட்டு, மாசிலாமணி அவளைப் பார்த்து விறைத்து நின்றார். கொஞ்சம் தொப்பை விழுந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்காவ," என்றாள் ஆவுடையம்மாள்.

உயிரோடு இருக்கிறார் என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருப்பவர் ஒரு சொல் அனுப்பவில்லையே என்று கோபமாக இருந்தது. தெரு முழுக்கப் பார்க்கப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றது எல்லாவற்றையும் விட அவமானமாக இருந்தது. பூவை எடுத்து, பக்கத்தில் நின்ற ஞானப்பிரகாசத்தின் மகள் தலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். கேசரியை நாங்கள் தின்றோம். வேறு என்ன செய்ய, ஆறிப்போகும்.

சாயங்காலம் குற்றாலிங்கம் வந்து இறங்கினான். நேராக மாவுக் கடைக்குப் போய், "அக்கா, அவருக்கு உங்க படம் ஒண்ணு வேணுமாம். எடுக்கட்டுமா?" என்று கேட்டான். இந்தத் தடவை முதல் தரமே காதில் விழுந்தது.

ஆவுடையம்மாள் யோசித்தாள். பிறகு சேலையை இழுத்து ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, "எடுங்க" என்றாள்.

"அக்கா, மொகம்..."

"மொகம் வேணும்னா வந்து கேக்கட்டும். நீங்க எடுங்க."

அவன் எடுத்தான். கேட்டு எடுத்த முதல் முதுகு அதுதான். அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தபோது மாசிலாமணி அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாராம், "பொடதிப் பக்கம் நரைச்சிட்டே" என்றாராம், வேறொன்றும் சொல்லவில்லையாம். ஆவுடையம்மாளும் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. குற்றாலிங்கம் வீட்டுக்கு மறுபடியும் மாவு தர ஆரம்பித்தாள், கல் உப்பு கொஞ்சம் தூக்கலாக.

ஆடி முடியப்போகிற சமயம், காற்று தெருவில் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் மாசிலாமணி வந்தார். பையைத் தெருமுனையில் பேச்சிமுத்துவின் ஆட்டோவிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு நடந்து வந்தார். கிளிப்பச்சை வீட்டைப் பார்த்தார். மாவுக் கடைக்குள் ஆவுடையம்மாள் கிரைண்டர் பக்கம் திரும்பி, உளுந்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்றார். ஞானப்பிரகாசம் மெஷினை நிறுத்தினார், பிரமநாயகம் பேப்பரை மடித்தார், ஜன்னல்களில் ஆள் சேர்ந்தது, எல்லோரும் கவனிக்காதது போலக் கவனித்தோம்.

மாசிலாமணி வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். வாயில் வந்ததைக் கேட்டார்.

"மாவு இருக்கா?"

ஆவுடையம்மாளின் கை நின்றது. அவள் திரும்பவில்லை. "ஏனம் கொண்டாந்தீயளா?" என்றாள்.

"இல்ல."

"ஏனம் இல்லாம மாவ எதுல வாங்குவீய?"

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு, காற்று அடங்கிய நேரமாகப் பார்த்து, "நான் வீட்டுக்கு வரட்டுமான்னு கேக்க வந்தேன்" என்றார்.

கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, திரும்பத் தொடங்கினாள். சரியாக அந்த நேரத்தில், கேட்கக் கற்றுக்கொண்ட பிறகு எங்கே கேட்பது எங்கே கேட்கக்கூடாது என்று இன்னும் பிடிபடாத குற்றாலிங்கம், கேமராவோடு குறுக்கே வந்து, "அக்கா, அண்ணாச்சி, ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?" என்றான்.

அவனை அன்று யாரும் அடிக்காதது அவன் அதிர்ஷ்டம். ஆனால் கேட்டாயிற்று. கேட்டுவிட்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? மாசிலாமணி தன்னையறியாமல் பொத்தானைக் கழுத்துவரை போட்டார். ஆவுடையம்மாள் கடையை விட்டு வெளியே வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, அவர் பக்கத்தில், ஒரு மாவுச் சட்டி வைக்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றாள். கைகள் தொடையோடு ஒட்டின. கல்யாணப் படத்தில் நின்றதற்கப்புறம் அவர்கள் இப்படிச் சேர்ந்து நின்றதே இல்லை. "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றது ஒரு ஜன்னல். மாசிலாமணி நகர்வதா என்று அவளைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லாததைச் சம்மதமாக வைத்துக்கொண்டு பாதி அடி நகர்ந்தார்.

குற்றாலிங்கம் கேமராவைக் கண்ணில் வைத்தான், இறக்கினான், தயங்கினான்.

"அக்கா, நீங்க சைடுல பாக்கீய. கேமராவப் பாருங்க."

ஆவுடையம்மாள் முகத்தைத் திருப்பவில்லை. புருஷனின் முகத்தை, அந்தத் தொப்பை விழுந்த, பதில் சொல்ல வேண்டியது இன்னும் எவ்வளவோ பாக்கியிருந்த மனிதரின் முகத்தை, நெற்றியிலிருந்து தாடை வரை, அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க எடுங்க தம்பி," என்றாள். "கேமராவ நான் பொறவு பாத்துக்கிடுதேன்."